எலைன்மென்ட் செய்தும் கார் இழுக்கிறதா? வளைந்த உறுப்பை முதலில் தேடுங்கள்



நமது தோட்டப் பிள்ளைகள் பலர் இன்று வான், கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். லீசிங் போட்டு ஒரு பழைய காரை எடுத்து ஹயர் ஓடுகிறவர்களும் உண்டு. வாகனத்தை ஓட்டத் தெரிந்த அளவுக்கு அதன் அடிப்பாகத்தைத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. ஆகவே இந்த இதழில் முன் சில்லுகளின் கோணங்களைப் பற்றி, நான் கண்ட ஒரு சம்பவத்தை வைத்தே சொல்ல நினைக்கிறேன்.

எங்கள் டிவிஷனில் ஒரு தம்பி சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஆடி மாதத்து மழையில், இரவு நேரம், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை பக்கம் இறங்கிப் போகும்போது வளைவில் எதிரே ஒரு லொறி. இடம் கொடுக்க ஓரம் கட்டினார். இடது முன் சில்லு கானுக்குள் இறங்கி, மதகின் கொங்கிரீட் விளிம்பில் மோதிவிட்டது. இறங்கிப் பார்த்தார். டயர் வெடிக்கவில்லை, ஒயில் ஒழுகவில்லை. நாலு பேர் தூக்கிவிட்டார்கள், வந்துவிட்டார்.

மறுநாள் பார்த்தால் கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. டவுனில் ஓர் இடத்தில் எலைன்மென்ட் செய்தார். ஸ்டியரிங் நேராகிவிட்டது. மூன்று கிழமையில் இடது டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. மறுபடியும் அதே இடத்துக்குப் போய், மறுபடியும் காசு கொடுத்து, மறுபடியும் எலைன்மென்ட். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"ரெண்டு தரம் செஞ்சாச்சு மாமா. இன்னும் இடது பக்கம்தான் இழுக்குது. மெசின் பிழையா இருக்குமோ?"

"மெசின் கொடுத்த தாள் இருக்கா தம்பி?"

இருந்தது. முன் பெட்டிக்குள் நாலாக மடித்து, திறந்தே பார்க்காமல் வைத்திருந்தார். பிழை மெசினில் இல்லை. மெசின் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

மூன்று கோணங்கள்

தாளை வாசிப்பதற்கு மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். டோ, கெம்பர், காஸ்டர்.

டோ என்பது, மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சில்லுகளும் ஒன்றை ஒன்று எப்படிப் பார்க்கின்றன என்பது. நம் இரண்டு பாதங்களை நினைத்துக் கொள்ளுங்கள். பெருவிரல்கள் உட்பக்கம் திரும்பி நின்றால் டோ-இன், வெளிப்பக்கம் திரும்பி நின்றால் டோ-அவுட். டயரைச் சீக்கிரம் தின்பது இதுதான். ஒரு சில்லு தான் போக வேண்டிய திசையிலிருந்து அரைப் பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் அளவுக்கு அது பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. கொழும்புக்கு ஒரு ஹயர் போனால் 100 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் அந்த டயரைக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம் தார் ரோட்டில் வைத்து அரைத்ததாகத்தானே அர்த்தம்! டோ பிழைத்த டயரில் கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும் மறுபக்கம் தடவினால் ரம்பப்பல் போலவும் இருக்கும்.

கெம்பர் என்பது, முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் சாய்வு. சில்லின் தலை வெளியே சாய்ந்தால் பிளஸ், உள்ளே சாய்ந்தால் மைனஸ். பிளஸ் அதிகமானால் டயரின் வெளி ஓரம் தேயும், மைனஸ் அதிகமானால் உள் ஓரம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பிளஸ் கூடிய பக்கம் கார் இழுக்கும்.

காஸ்டர் கொஞ்சம் சிக்கலானது. சைக்கிளின் முன் போர்க் பின்பக்கம் சாய்ந்து இருக்கிறது அல்லவா? அந்தச் சாய்வுதான். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது இதனால்தான். இது டயரை அதிகம் தேய்க்காது. ஆனால் ஒரு பக்கம் குறைந்துவிட்டால், குறைந்த பக்கம் கார் இழுக்கும்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிவதற்காக ரோட்டும் இடது பக்கம் சற்றுச் சரிந்துதான் இருக்கும். ஆகவே லேசாக இடது பக்கம் ஒதுங்குவது வருத்தம் அல்ல. கையை எடுத்தவுடன் கானைப் பார்த்து ஓடுவதுதான் வருத்தம்.

எதைத் திருக முடியும், எதைத் திருக முடியாது?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. ஷொக் எப்சோபரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்து, மேலே பொடியில் பூட்டப்பட்டிருக்கும். கீழே ஒரு லோவர் ஆர்ம், அதன் நுனியில் போல் ஜொயின்ட். ஏர்ல் மக்பர்சன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய இந்த முறை 1950 அளவில் போர்ட் கார்களில் வந்தது. பொருள் குறைவு, இடமும் குறைவு என்பதால் பிறகு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இந்த அமைப்பில் பெரும்பாலும் திருகக் கூடியது டோ ஒன்று மட்டும்தான். டை ரொட்டைத் திருகினால் டோ மாறும். கெம்பருக்கும் காஸ்டருக்கும் திருகு கிடையாது. கம்பனியில் உறுப்புகளை எந்த அளவில் செய்தார்களோ அந்த அளவில்தான் அவை நிற்கும். அப்படியானால், நேற்று வரை சரியாக இருந்த கெம்பர் ஓர் அடிக்குப் பிறகு மாறிவிட்டது என்றால் என்ன அர்த்தம்? ஏதோ ஓர் உறுப்பு வளைந்துவிட்டது என்பதுதான்.

தம்பியின் தாளில் இது பச்சையாகவே தெரிந்தது. சிவப்பாகவும்தான்! டோ இரண்டு பக்கமும் பச்சை நிறத்தில் இருந்தது. வலது கெம்பர் பிளஸ் 0 பாகை 20 மினிட். இடது கெம்பர் பிளஸ் 1 பாகை 50 மினிட், சிவப்பு நிறத்தில். (ஒரு பாகைக்கு 60 மினிட். மணிக்கணக்கு மாதிரியேதான்.) வேலை செய்தவர் டை ரொட்டைத் திருகி டோவைப் பச்சையாக்கி, ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்துவிட்டார். கால் முறிந்தவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்த கதைதான். இரண்டாம் முறையும் அதே செருப்பு.

எந்த எலும்பு முறிந்தது?

தாளில் இன்னொரு வரி உண்டு. எஸ்.ஏ.ஐ. என்றோ கே.பி.ஐ. என்றோ போட்டிருக்கும். மேலே ஸ்ட்ரட் பூட்டப்பட்ட இடத்தையும் கீழே போல் ஜொயின்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உட்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு அது. நம்மவர்கள் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. ஆனால் வளைந்தது எது என்று காட்டிக் கொடுப்பது அதுதான்.

அந்த அளவையும் கெம்பரையும் கூட்டிப் பாருங்கள். (கெம்பர் மைனஸ் என்றால் கழிக்க வேண்டும்.) தம்பியின் காரில்:

வலது: 12 பாகை 00 மினிட் + 0 பாகை 20 மினிட் = 12 பாகை 20 மினிட்
இடது: 10 பாகை 30 மினிட் + 1 பாகை 50 மினிட் = 12 பாகை 20 மினிட்

கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒன்றே. இதன் பொருள் என்ன? ஸ்ட்ரட்டும், சில்லைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுக்கிப் பூட்டப்பட்டவை. கவ்வாத்துக் கத்தியை நீங்கள் எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் அலகுக்கும் பிடிக்கும் இடையில் உள்ள வளைவு மாறுவதில்லை அல்லவா? அதுபோல இவை இரண்டும் வளையாத வரை கூட்டுத்தொகை மாறாது. இங்கே கத்தி நல்லாயிருக்கிறது, கத்தியைப் பிடித்த கைதான் நகர்ந்துவிட்டது. அதாவது சில்லின் அடி உட்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. லோவர் ஆர்ம் வளைந்திருக்க வேண்டும், அல்லது அது பூட்டிய குறுக்குச் சட்டம் நகர்ந்திருக்க வேண்டும்.

கூட்டுத்தொகை அடிபட்ட பக்கம் மட்டும் வேறாக இருந்தால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. கூட்டுத்தொகை ஒன்றாகவே இருந்து, எஸ்.ஏ.ஐ. கூடி, கெம்பர் மைனஸ் பக்கம் போயிருந்தால் மேலே ஸ்ட்ரட் பூட்டிய பொடிப் பகுதியே உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். அது சாதாரண கராஜ் வேலை அல்ல. பொடியை இழுத்து நிமிர்த்தும் இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

தாள் இல்லாதவர்கள் என்ன செய்வது?

மெசின் இல்லாத காலத்திலும் வாகனம் ஓடியதுதானே. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரை இன்றும் நம் நாட்டில் ஓட்டுகிறார்கள். அதன் எலைன்மென்ட்டை நூலும் அடிமட்டமும் வைத்துப் பார்த்த பாஸ்மார் எத்தனையோ பேர்.

முதலில் நாலு டயருக்கும் சரியான காற்று. பிறகு ரிம்மைச் சுற்றிப் பாருங்கள், நெளிந்திருக்கிறதா? டயரின் பக்கவாட்டில், உள்பக்கமும் பாருங்கள், முட்டை போல வீக்கம் இருக்கிறதா? இருந்தால் அந்த டயரை அன்றே கழற்றிவிடுங்கள். உள்ளே நூல் அறுந்துவிட்டது. மலை இறக்கத்தில் வெடிக்கும்.

அடுத்து டேப்பை எடுத்து முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரை இரண்டு பக்கமும் அளவுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். பெரும்பாலான வாகனங்களில் இரண்டும் ஒரே அளவு. அடிபட்ட பக்கம் குறைந்திருந்தால் சில்லு பின்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, காஸ்டர் போய்விட்டது.

கெம்பருக்கு மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு போதும். ஸ்டோர் முற்றம் போலச் சமமான இடத்தில் காரை நிறுத்தி, நூலை சில்லின் முன்னால் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளவுங்கள். 13 அங்குல ரிம்மில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 பாகை. "நம்ம பக்கம் சமமான இடம் எங்க மாமா இருக்கு?" என்று தம்பியும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு முறை அளந்து, காரை அதே இடத்தில் மறுபக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தி மறுபடியும் அளந்து, இரண்டுக்கும் நடு அளவை எடுத்தால் தரையின் சரிவு கழிந்துவிடும். அவர் காரில் இடது பக்கம் 11 மில்லிமீட்டர், வலது பக்கம் 2. மெசின் சொன்னதும் நூல் சொன்னதும் ஒன்றேதான்.

ஸ்ட்ரட்டின் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. காரைத் தரையில் நிறுத்தி, மேலே உள்ள நடு நட்டைக் கழற்றாமல் சற்றே இளக்கி, தண்டை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். தண்டு வளைந்திருந்தால் சுற்றும்போது சில்லின் தலை உள்ளேயும் வெளியேயும் அசையும். ஆனால் ஒன்று, அந்த நட்டை ஒருபோதும் முழுதாகக் கழற்ற வேண்டாம். ஸ்பிரிங் உள்ளே அமுங்கி நிற்கிறது. முகத்தில் அடித்தால் ஆள் இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி உள்ளவரிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

வான், லொறி ஓட்டுபவர்கள் பின்பக்கத்தையும் பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட் அறுந்தால் பின் எக்சல் நகர்ந்துவிடும். பிறகு வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்துகொண்டே ஓடும். முன்பக்கத்தை எத்தனை தரம் திருகினாலும் ஸ்டியரிங் நேராகாது.

கழற்றியபோது கண்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் காரைத் தூக்கினோம். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பொடிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் படுத்தோம். இடது லோவர் ஆர்மைக் கழற்றி, கடையிலிருந்து வாங்கி வந்த புது ஆர்மின் மேல் வைத்துப் பார்த்தோம். பழையது நடுவில் வளைந்து குட்டையாகிப் போயிருந்தது. அதைவிட, போல் ஜொயின்ட் உட்காரும் இடத்தில் சேற்றைத் துடைத்துப் பார்த்தால் தலைமயிர் போல ஒரு கீறல். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. கானில் விழுந்ததிலிருந்து 5 கிழமை அந்தக் காரை ஓட்டியிருக்கிறார். எங்கள் டிவிஷனில் இரவில் கூப்பிட்டால் வரும் வாகனம் அது ஒன்றுதான். அந்த 5 கிழமைக்குள் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிப் போயிருக்கிறார். அந்தக் கீறல் விட்டு போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு அப்படியே மடிந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்து பிரயோசனம் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர், "இதை சூடாக்கி நிமித்தி, வெல்டிங் வச்சா போதுமே, எதுக்கு வீண் செலவு?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் உறுப்புகளில் இந்த வேலை கூடவே கூடாது. ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், கடைசியில் முறியும். இரும்பு அந்த இடத்தில் களைத்துப் போகிறது. காஸ் வைத்துச் சூடாக்கினால் கம்பனி கொடுத்த உறுதியும் மாறிவிடும். டை ரொட்டுக்கும் இதே சட்டம்தான். வளைந்த டை ரொட்டை மாற்றத்தான் வேண்டும்.

புதியது வாங்க வசதியில்லாமல் பஞ்சிகாவத்தையில் கழற்றிய உறுப்பு எடுப்பவர்கள் ஒரு விஷயம் பாருங்கள். அதுவும் அடிபட்ட காரிலிருந்து வந்ததாக இருக்கலாம். உங்கள் காரின் நல்ல பக்கத்து ஆர்மின் அளவை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். சில கார்களில் இடதும் வலதும் ஒரே உறுப்பு, சிலவற்றில் கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்மாறாக இருக்கும். போல் ஜொயின்டை அசைத்துப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் வேண்டாம்.

பூட்டும்போது சாதாரணமாக நடக்கும் ஒரு பிழை உண்டு. ஆர்மின் புஷ் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். பிறகு காரை இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். முதலில் கையளவுக்குப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தரம் அமுக்கிவிட்டு, பாரம் சில்லில் நிற்கும்போது இறுக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னையும், லொக் நட்டையும் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி குத்துவது நமக்குப் பழகிப்போன வேலை. விட்டுவிட வேண்டிய பழக்கம்.

கடைசியாகத்தான் டோ

உறுப்பு மாறிய பிறகுதான் எலைன்மென்ட். பின் சில்லுகளில் திருகு உள்ள கார் என்றால் முதலில் பின்பக்கம். பிறகு முன்பக்கம் காஸ்டர், கெம்பர். எல்லாவற்றுக்கும் கடைசியாக டோ, ஏனென்றால் மற்றவற்றைத் தொட்டால் டோவும் மாறிவிடும்.

மெசின் உள்ள டவுனுக்கு மெதுவாக ஓட்டிப் போகும் அளவுக்கு நூலிலேயே பார்த்துக்கொள்ளலாம். காரின் இரண்டு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் நீளமாக நூல் கட்டுங்கள். முன் சில்லின் நடுவிலிருந்து நூலுக்குள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின் சில்லிலும் அப்படியே. (முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, இடமும் வலமும் ஒத்தால் போதும்.) இப்போது முன் ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவுங்கள். முன் விளிம்பின் தூரம் கூட இருந்தால் டோ-இன். எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதை உங்கள் காரின் புத்தகம்தான் சொல்ல வேண்டும், பக்கத்துக் காரின் அளவு உதவாது. டை ரொட்டை இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஸ்டியரிங் கோணலாகும். ஒவ்வொரு முறை திருகிய பிறகும் காரை ஒரு கார் நீளம் முன்னே தள்ளி, சில்லுகள் தளர்ந்து நின்ற பிறகு அளவுங்கள். முடிந்ததும் லொக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

மறுநாள் தம்பி அதே டவுனுக்கு, அதே இடத்துக்குத்தான் போனார். "வேற இடம் பார்ப்போமா?" என்று கேட்டவரிடம், மெசினில் பிழை இல்லை, இந்த முறை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போ என்றேன். மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். வேலைக்கு முன் எடுத்த அளவும் வேலைக்குப் பின் எடுத்த அளவும் உள்ள தாள் வேண்டும். எஸ்.ஏ.ஐ. வரியும் அதில் இருக்க வேண்டும். சிவப்பு ஏதும் மிஞ்சினால், அது ஏன் சிவப்பு என்று சொல்ல வேண்டும். அங்கிருந்த பையன் முகம் சுளிக்கவில்லையாம். "இப்படிக் கேக்கிறவங்க குறைவு அண்ணே" என்று சொல்லி, ஸ்கிரீனையே திருப்பிக் காட்டினானாம்.

இடது கெம்பர் பிளஸ் 0 பாகை 25 மினிட், எஸ்.ஏ.ஐ. 11 பாகை 55 மினிட். கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன் என்றார் தம்பி. தேய்ந்த டயரை மாற்ற இன்னும் ஒரு மாதம் ஹயர் ஓட வேண்டியிருந்தது. அதுவரை ஸ்டெப்னியைப் போட்டு, வழுக்கை டயரைக் கழற்றி லயத்துப் பின்பக்கம் போட்டுவிட்டார். புதிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன் பெட்டியில் வைத்திருக்கிறார். இன்னொரு தடவை கானில் இறங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவு ஒன்று கையில் வேண்டும் அல்லவா.